முப்பத்தாறு கட்டங்கள்: தவணை தவறினால் சிபிலில் என்ன பதிவாகிறது?

சித்தப்பா பையன் தன் சிபில் அறிக்கையை, அதாவது கடன் கட்டிய வரலாற்றை, என் போனுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே கூப்பிட்டான். வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் கையை விரித்துவிட்டார்களாம். "ஒரே ஒரு டியூதான் அண்ணே விட்டேன். அதுவும் போன வருஷம் ஜூன்ல, சம்பளம் லேட்டாச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம்கூடத் தவறலை."

பைக் கடன் அது. மாதம் 4,200 ரூபாய், ஒவ்வொரு 5ஆம் தேதியும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையில் அந்தக் கடனுக்குக் கீழே இருந்த கட்டங்கள் வேறு கதை சொல்லின: 25, 26, 26, 25, 26, 25, 26, 26, 23, 26, 25, 26, 25, 26. மொத்தம் 14 மாதம். ஒரு கட்டத்தில்கூடச் சுழியம் இல்லை.

ஒரு மாதம் விட்டது எப்படி 14 மாதத் தவறாகப் பதிவானது? இது புரிந்துவிட்டால் சிபில் சமாச்சாரத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

மார்க்கும் விடைத்தாளும்

சிபில் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாலும், இந்தியாவில் நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சிபில் முதலில் வந்ததால், ஜெராக்ஸ் மாதிரி அதன் பெயரே பொதுப் பெயராகிவிட்டது. நான்குமே 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்படி, ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இயங்குபவை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நம் கடன் கணக்குகளின் நிலவரத்தை இவர்களுக்கு அனுப்பியாக வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினால் போதும் என்றிருந்தது. 2025 ஜனவரியில் அந்த இடைவெளி 15 நாளாகச் சுருங்கியது.

300லிருந்து 900 வரையிலான ஸ்கோர் எல்லோருக்கும் தெரியும். அது பரீட்சை மார்க். விடைத்தாள் என்பது கோப்பு, அதாவது முழு அறிக்கை. எத்தனை கடன், யாரிடம், எவ்வளவு பாக்கி, எந்த மாதம் எத்தனை நாள் தாமதம், கடைசியில் கணக்கு எப்படி முடிந்தது எல்லாம் அதில் இருக்கும். கடன் கொடுப்பவர் மார்க்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை, விடைத்தாளையும் புரட்டுகிறார். நாமோ போனில் வரும் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுக் கவலைப்படுகிறோம், இல்லாவிட்டால் சந்தோஷப்படுகிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "சிபில்ல பேரு ஏறிடுச்சு" என்று சொல்வார்கள், ஏதோ ரவுடிப் பட்டியலில் பெயர் ஏறியதுபோல. கடன் வாங்கிய எல்லோர் பெயரும் அதில்தான் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவர் பெயர் இன்னும் விவரமாகவே இருக்கும். கடனே வாங்காதவருக்குத்தான் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 1 என்றோ என்.ஹெச். என்றோ வரும், வரலாறு இல்லை என்ற பொருளில்.

நாள் கணக்கு

அந்தக் கட்டங்களுக்கு டி.பி.டி. என்று பெயர், டேஸ் பாஸ்ட் டியூ. கெடு தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு. மாதத்துக்கு ஒரு கட்டம், கடைசி 36 மாதத்துக்கு. சுழியம் இருந்தால் பாக்கி இல்லை. எஸ்.டி.டி. என்ற எழுத்துகள் இருந்தால் 90 நாளைத் தாண்டாத நல்ல கணக்கு என்று பொருள். எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ். என்றிருந்தால் அந்த மாதம் வங்கி தகவல் அனுப்பவில்லை, அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, கோப்பு எண்ணுவது நாட்களை. எத்தனை முறை பவுன்ஸ் ஆனது என்பதை அது எண்ணுவதில்லை. 5ஆம் தேதி கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பிப்போய், 8ஆம் தேதி நீங்களே கட்டிவிட்டால், நிலவரம் அனுப்பும் நாளில் பாக்கி இருக்காது. கட்டத்தில் சுழியமே வரலாம். (முன்பு மாதக் கடைசிக்குள் கட்டினால் தப்பிக்க வாய்ப்பிருந்தது. இப்போது மாத நடுவிலும் நிலவரம் போகிறது.) ஆனால் பவுன்ஸ் ஆனது உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் இருக்கும். அடுத்த கடனுக்குப் போகும்போது ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள் இல்லையா, அதில் அந்த வரிகளைத்தான் முதலில் தேடுவார்கள்.

சரி, தம்பி கதைக்கு வருவோம். ஜூன் 5ஆம் தேதித் தவணை போகவில்லை. ஜூன் 30 அன்று பார்த்தால் 25 நாள் தாமதம். ஜூலை 5 அன்று கணக்கில் பணம் இருந்தது, 4,200 போனது. அவன் அதை ஜூலைத் தவணை என்று நினைத்துக்கொண்டான். கடன் கொடுத்த நிறுவனம் அதை ஜூன் பாக்கியில் வரவு வைத்தது. பழைய பாக்கி முதலில் தீர வேண்டும், அதுதான் வழக்கம். ஆக, ஜூலை 5ஆம் தேதி கட்ட வேண்டிய தவணை கட்டாமல் நிற்கிறது. ஜூலை 31 அன்று அதற்கு வயது 26 நாள். ஆகஸ்டில் கட்டியது ஜூலைக்குப் போனது, ஆகஸ்ட் நின்றது. இப்படியே 14 மாதம். 28 நாள் பிப்ரவரியில் மட்டும் 23. கலெக்‌ஷன் பக்கத்தில் இதை "ஒரு டியூ பின்னாடி ஓடுது" என்பார்கள்.

மாதம் தவறாமல் பணம் கட்டிக்கொண்டே, மாதம் தவறாமல் தாமதக்காரனாகப் பதிவாவது எப்படி என்பது இதுதான். அபராதக் கட்டணமும் தனியாக ஏறிக்கொண்டிருக்கும். 2024இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி அதை வட்டியோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. அது ஒரு நிம்மதி. ஆனால் கட்டணம் கட்டணம்தான். ஒரு தவணையை விட்டுவிட்டீர்கள் என்றால் அடுத்த மாதம் இரண்டு தவணையும் அபராதமும் சேர்த்துக் கட்டினால்தான் கட்டம் சுழியத்துக்கு வரும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு "என் டியூ எவ்வளவு" என்று கேட்காதீர்கள், இந்த மாதத் தவணையை மட்டும் சொல்வார்கள். "மொத்த ஓவர்டியூ எவ்வளவு, சார்ஜ் எவ்வளவு" என்று கேளுங்கள்.

90 என்ற கோடு

தாமதம் எல்லாம் ஒரே எடை கிடையாது. ரிசர்வ் வங்கி இதைப் படிகளாகப் பிரித்திருக்கிறது. 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0. 30ஐத் தாண்டி 60 வரை எஸ்.எம்.ஏ. 1. 60ஐத் தாண்டி 90 வரை எஸ்.எம்.ஏ. 2. எஸ்.எம்.ஏ. என்பதைத் தனிக் கவனம் தேவைப்படும் கணக்கு என்று புரிந்துகொள்ளலாம். 90ஐத் தாண்டினால் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால், மார்ச் 31 அன்று கட்ட வேண்டியதை அப்படியே விட்டுவிட்டால் ஏப்ரல் 30 அன்று இரண்டாம் படி, மே 30 அன்று மூன்றாம் படி, ஜூன் 29 அன்று வாராக்கடன்.

90க்கு முன்னும் பின்னும் இருப்பது வெறும் நாள் வித்தியாசமில்லை. 90க்குள் இருக்கும்வரை பழைய தவணை ஒன்றைக் கட்டினால் நாள் கணக்கு இறங்கும், மூச்சுவிட இடம் கிடைக்கும். வாராக்கடன் ஆனபிறகு ஒரு தவணை கட்டுவது போதாது. கெடு தாண்டிய அசலும் வட்டியுமாக மொத்த நிலுவையும் தீர்ந்தால்தான் கணக்கு மறுபடி நல்ல கணக்காகும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்துவிட்டது. அதனால் கையில் இருக்கும் பணம் குறைவு, இரண்டு மூன்று கடன் பின்னால் நிற்கிறது என்றால், 90ஐ நெருங்கும் கணக்குக்கு முதலில் கட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. அதிகமாகக் கத்தும் வசூல் ஏஜென்டுக்கு முதலில் கட்டுவதுதான் நடைமுறையில் நடக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வாராக்கடன் என்ற முத்திரை வங்கிக்குள் கணக்கின் மீது மட்டும் விழுவதில்லை, கடன்காரர் மீதே விழுகிறது. ஒரே வங்கியில் உங்களுக்கு வீட்டுக் கடனும் தனிநபர் கடனும் இருந்து, தனிநபர் கடன் 90ஐத் தாண்டினால், ஒழுங்காகக் கட்டிவரும் வீட்டுக் கடனும் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும்.

90ஐத் தாண்டிய பின் கோப்பில் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளும் வரலாம்: எஸ்.யு.பி., டி.பி.டி., எல்.எஸ்.எஸ். வாராக்கடனாகி 12 மாதம் வரை தரம் குறைந்த கடன், அதற்குமேல் சந்தேகக் கடன், பிறகு நஷ்டம். இவற்றில் நடுவில் உள்ள டி.பி.டி. சந்தேகக் கடனைக் குறிப்பது. நாள் கணக்குக்குச் சொல்லும் டி.பி.டி. வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அறிக்கையில் எண்ணா எழுத்தா என்று பார்த்தாலே பிரித்துவிடலாம்.

590 ரூபாய் கார்டு

கிரெடிட் கார்டுக்குக் கணக்கு சற்று வேறு. அங்கே குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டால் அது தவறிய தவணை ஆகாது. மீதிக்கு வட்டி கண்ணாபின்னாவென்று ஏறும், அது பர்ஸுக்குப் பிரச்சினை. கட்டத்தில் சுழியம்தான் வரும். குறைந்தபட்சத் தொகையும் வராமல் மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் பாக்கி என்று தகவல் அனுப்பலாம், அபராதம் போடலாம் என்பது 2022ஆம் ஆண்டு விதி. ஆனால் நாள் எண்ணத் தொடங்குவது கெடு தேதியிலிருந்தே.

எனக்கே நடந்தது ஒன்று. வருடக் கட்டணமே கிடையாது என்று கடைவாசலில் நின்று கொடுத்த கார்டு. ஒருமுறைகூடத் தேய்க்கவில்லை. வீடு மாறினேன், பழைய ஈமெயிலை மறந்தேன். இரண்டாம் வருடம் 500 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ரூபாய் பில் வந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. அது தாமதக் கட்டணத்தோடு குட்டிபோட்டு, ஒரு நாள் ஒரு கடன் விண்ணப்பத்தில் "சார், உங்களுக்கு ஒரு ஓவர்டியூ கார்டு இருக்கே" என்று வந்து நின்றது. தொகை சிறியது என்று கோப்பு கருணை காட்டாது. 590 ரூபாய் பாக்கியும் நாள் நாளாகத்தான் எண்ணப்படும். டிராயரில் கிடக்கும் கார்டைக் கத்தரியால் வெட்டிப் போட்டால் கணக்கு மூடாது, வங்கிக்கு எழுதி மூடச் சொல்ல வேண்டும்.

செட்டில்மென்ட் என்ற இனிப்பு

ஒரு லட்சத்து இருபதாயிரம் பாக்கி. ஆறு மாதமாகக் கட்டவில்லை. ஏஜென்ட் கூப்பிட்டு, "சார், அறுபதாயிரம் கட்டுங்க, கேஸ் முடிஞ்சிடும்" என்கிறார். பெரிய நிம்மதி. கட்டியும் விடுகிறீர்கள். கணக்கு முடிந்ததா என்றால் முடிந்தது. ஆனால் கோப்பில் அது "குளோஸ்டு" என்று முடிவதில்லை, "செட்டில்டு" என்று முடிகிறது. அடுத்த வங்கி அதை எப்படிப் படிக்கும்? இவருக்குக் கொடுத்தால் பாதிதான் திரும்பி வரும் என்று.

செட்டில்மென்டே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வேலை போய், உடம்பு முடியாமல், மொத்தமும் கட்ட எந்த வழியும் இல்லாதவருக்கு அது நியாயமான வழிதான். தினமும் போன் வந்து தூக்கம் கெடுவதைவிட மேல். ஆனால் ஏஜென்ட் "சிபில் கிளியர் ஆயிடும்" என்று வாயால் சொன்னதை நம்பி அதைச் செய்யாதீர்கள். தொகையும், கடைசி நாளும், கணக்கு எப்படிப் பதிவாகும் என்பதும் கடிதமாக வரட்டும். பின்னால் கை நிமிர்ந்ததும் விட்டுப்போன மீதியையும் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கினால், "செட்டில்டு" என்பதை "குளோஸ்டு" ஆக்கித் தரச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம்.

இதைவிட மோசமான சொல் "ரிட்டன் ஆஃப்". இங்கே நம் செய்தித்தாள்களும் கொஞ்சம் பொறுப்பேற்க வேண்டும். அரசு விவசாயக் கடனை ரத்து செய்தாலும் "கடன் தள்ளுபடி", வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து வாராக்கடனை நீக்கினாலும் "கடன் தள்ளுபடி" என்றே தலைப்பு வைக்கிறார்கள். முதலாவதில் கடன் போய்விடுகிறது. இரண்டாவதில் வங்கி தன் கணக்கைத்தான் சுத்தம் செய்துகொள்கிறது. நீங்கள் கட்ட வேண்டியது அப்படியே இருக்கும், வசூல் தொடரும், கோப்பில் அந்தச் சொல்லும் எழுதப்பட்டிருக்கும். "வங்கியே தள்ளுபடி பண்ணிட்டாங்களே, அப்புறம் ஏன் கடன் கிடைக்கலை?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

அடுத்தவர் தவணை, உங்கள் கட்டம்

நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தக் கடன் உங்கள் கோப்பிலும் வரும், ஜாமீன்தாரர் என்ற குறிப்போடு. அவன் தவறினால் உங்கள் கட்டத்திலும் நாள் ஏறும். சட்டமும் அப்படித்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. கையெழுத்துப் போட்டவர் வருடத்துக்கு ஒருமுறை தன் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதை நண்பன் தப்பாக நினைக்கக் கூடாது.

கல்விக் கடனில் இது இன்னும் வலிக்கும். அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்திட்டிருப்பார்கள். படிப்பு முடிந்து குறிப்பிட்ட கால அவகாசம் வரை தவணை கிடையாது. அவகாசம் முடிந்ததும் வேலை கிடைத்ததா இல்லையா என்று பார்க்காமல் தவணை தொடங்கிவிடும். "வேலை கிடைச்சதும் கட்டிக்கலாம்" என்று இருப்பவர்களின் கோப்பிலும், ஊரில் இருக்கும் அப்பாவின் கோப்பிலும் ஒரே நேரத்தில் நாள் ஏறும். கடனோடு நின்றுவிடுமா என்றால் அதுவும் இல்லை. பாரத ஸ்டேட் வங்கி ஒரு வேலைக்கு வைத்த நிபந்தனைகளில் கடன் தவறியிருக்கக் கூடாது என்பதும் ஒன்று. சிபில் அறிக்கை பாதகமாக இருந்ததால் ஒருவரின் பணி நியமனத்தை வங்கி ரத்து செய்தது. அது சரிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. பணத்தைக் கையாளும் வேலைக்கு அப்படி எதிர்பார்ப்பதில் தர்க்கம் இருக்கலாம். வேலை இல்லாததால் கடன் கட்டமுடியாதவருக்கு, கடன் கட்டாததால் வேலை இல்லை என்று ஆகும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது.

கோப்புக்கு வராதவையும் உண்டு. தெருமுனை அடகுக் கடையில் வைத்த வளையல், கைமாற்று, பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் சீட்டு எதுவும் அதில் இல்லை. ஆனால் வங்கியில் வைத்த நகைக் கடன் வரும். "நம்ம நகைதானே உள்ளே இருக்கு" என்று வட்டி கட்டாமல் விடுபவர்கள் கவனிக்கவும். போனில் சோப்பு வாங்கும் நேரத்தில் "அப்புறம் கட்டுங்கள்" என்று நீட்டும் சின்னத் தொகையும் பல ஆப்களில் முறையான கடன்தான், அதற்கும் கட்டங்கள் உண்டு.

ஸ்கோர் எவ்வளவு இறங்கும்?

ஒரு தவணை தவறினால் 50 புள்ளி, இரண்டு தவறினால் 100 புள்ளி என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். சூத்திரத்தை எந்த நிறுவனமும் வெளியிட்டதில்லை. 25 நாளைவிட 65 நாள் மோசம், நான்கு வருடத்துக்கு முந்தையதைவிடப் போன மாதத்துத் தவறு மோசம், இவ்வளவு சொல்லலாம். நீங்களே உங்கள் அறிக்கையை எத்தனை முறை பார்த்தாலும் ஸ்கோர் குறையாது. நான்கு நிறுவனங்களும் ஆளுக்கு ஒரு முழு அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். ஆக வருடத்துக்கு நான்கு. மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டால் பைசா செலவில்லை.

தவறாகப் பதிவாகியிருந்தால், கட்டிய கடன் இன்னும் பாக்கி என்று நின்றால், அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடமே இணையத்தில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு, 2024 ஏப்ரலிலிருந்து. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் உண்மையாகவே நடந்த தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. "சிபில் கிளியர் செய்து தரப்படும்" என்று போஸ்டர் ஒட்டுபவர் செய்யப்போவதும் இதே இலவசப் புகாரைத்தான், உங்கள் ஆதாரையும் ஐந்தாயிரம் ரூபாயையும் வாங்கிக்கொண்டு.

கோப்பைச் சரிசெய்வது புதிய கட்டங்கள்தான். 36 கட்டங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஒரு சுழியம் ஏற, அந்தப் பக்கம் மிகப் பழைய கட்டம் உதிரும்.

தம்பிக்குச் சொன்னது இரண்டே வேலை. கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டு மொத்த ஓவர்டியூவைக் கேட்பது, அதைத் தனியாகக் கட்டுவது. ஒரு தவணை 4,200ம் சேர்ந்துபோன அபராதமும். "இவ்வளவுதானா? இதுக்கா அண்ணே 14 மாசம்?" என்றான். ஆகஸ்ட் 20 அன்று கட்டினான். செப்டம்பர் பாதியில் மறுபடி அறிக்கை எடுத்து அனுப்பினான். 26க்குப் பக்கத்தில் ஒரு சுழியம் இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.